சுமை குறையட்டும், புள்ளி குறையலாகாது



சிறுமலையின் மேலிருந்து வாழைக்குலை கீழே இறங்கும் வகையைத் திண்டுக்கல் வட்டாரத்தார் நன்கு அறிவர். சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து சுமை குதிரையின் முதுகில் வருகின்றது. பாதை ஒடுக்கம், சரிவு செங்குத்து, குதிரை தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. ஆகலின் சருகும் மிகைத் தண்டும் கழிக்கப்பட்ட பின்னரே சுமை கட்டப்படும். எடை குறையவேண்டும் என்பதற்காகக் காயை வெட்டி எறிந்துவிட்டுத் தண்டை மட்டும் ஏற்றி அனுப்பும் உழவர் எவருமிலர். இற்றை நாளில் தமிழ் நூற்பக்கங்களைப் படமாக்கி இணையத்தின் வழியே அனுப்புவோர் பலர் செய்வதோ அதுவே. தண்டு வந்து சேர்கின்றது. காய் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றது. அந்தக் காய் யாதெனின், தமிழெழுத்தின் தலைமேல் நிற்கும் சின்னஞ்சிறு புள்ளி.

இம்மலையின் வாழைவளம் நேற்றுத் தோன்றியதன்று. புவிசார் குறியீடு பெற்றது அண்மையிலேயே ஆயினும், சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மதுரைக்கு வழிகூறும் மறையோன் பாண்டியனுக்குரிய சிறுமலையைப் பெயர் சுட்டியே கூறுகின்றான். அங்கு நிற்கும் மரங்களுள் வாழையும் ஒன்று. அப்பெயர் ஓலையில் கிடந்து, படியெடுப்போர் கைமாறிக் கைமாறி, உ.வே. சாமிநாதர் 1892இல் அச்சேற்றிய பதிப்பின் வழியே இன்றையோர் கண்ணுக்கு எட்டியது. இடைப்பட்ட ஓலைக்காலத்தில் தமிழுக்கு நேர்ந்த இடர்ப்பாடு ஒன்றை நினைவுகூர்தல் இன்றைய செய்திக்கு இன்றியமையாதது.

மெய்யெழுத்தின் இயல்பே புள்ளி பெற்று நிற்றல் எனத் தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்தார். எகர ஒகரக் குறில்களுக்கும் அவ்வியல்பையே கூறினார். இலக்கணம் அங்ஙனமிருக்க, ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டனர். இரும்பெழுத்தாணியின் முனை புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். துளை பெருகினால் ஓலை கிழியும். ஓலையைக் காக்கவே அவர்கள் புள்ளியைக் கைவிட்டனர். அதன் விளைவைச் சுமந்தவர்கள் பிற்காலத்துப் பதிப்பாசிரியர்கள். 'தென' என்று ஓலையில் இருப்பின் அது தென்னா, தேனா, தெனவா என்று சொற்றொடரையும் யாப்பையும் உரையையும் வைத்தே துணியவேண்டும். ஒரு புள்ளியைத் துணிவதற்கு ஓர் இரவு முழுவதும் விளக்கெரிந்திருக்கும்! வீரமாமுனிவர் (1680-1747) நெட்டெழுத்துக் கொம்பைச் சுழித்து வேறுபடுத்தியமையாலும், பின்னர் அச்சுக்கலை புள்ளியை ஈயத்தில் வார்த்து நிலைநிறுத்தியமையாலுமே அவ்விடர் தீர்ந்தது.

'சிறுமலை' என்னும் சொல்லில் புள்ளியெழுத்து ஒன்றுகூட இல்லை. ஓலையிலும் அது குறைவின்றி நின்றிருக்கும். அடிவாரத்துத் 'திண்டுக்கல்' அத்தகையதன்று. ணகர மெய், ககர மெய், லகர மெய் என மூன்று புள்ளி அதற்கு வேண்டும். மூன்றும் உதிர்ந்தால் 'திணடுககல' என்று நாவில் புரளாத ஒன்று எஞ்சும். மலை பிழைத்தது, ஊர் பிழைக்கவில்லை என்க.

இனி இற்றை நிலைக்கு வருவோம். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வெளியீடுகளும், 1959இல் பெருஞ்சித்திரனார் தொடங்கிய தென்மொழி போன்ற இதழ்களின் பழைய படிகளும் பெரும்பாலும் மலிந்த தாளில் அச்சானவை. பொருள்வளம் இல்லாத இயக்கத்துக்கு வாய்த்தது அத்தாளே. அதிலுள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கி நொறுக்குகின்றது. மடித்த இடத்தில் உடைகின்றது. ஆகவே அன்பர் பலர் அவற்றை வருடுபொறியிலும் கைப்பேசியிலும் படமெடுத்துவைக்கின்றனர். நற்பணி, காலத்தே செய்யும் பணி. ஆனால் படம் எடுத்தவுடன் முன்வந்து நிற்பது சுமைச் சிக்கல்.

கணக்கைப் பார்க்க. ஏ-4 அளவுப் பக்கம் ஒன்றை விரற்கடையன்று, ஓர் அங்குலத்துக்கு 300 படவணு என்னும் பொது அளவில் வருடினால், அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508 என ஏறத்தாழ 87 நூறாயிரம் படவணுக்கள் கிடைக்கும். படவணு என்பது படத்தின் மிகச்சிறு கட்டம். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண் வேண்டுமாகலின், சுருக்காத ஒரு பக்கத்தின் சுமை 2 கோடியே 60 நூறாயிரம் பைட்டு, அதாவது 26 மெகாபைட்டு. நொடிக்கு ஒரு மெகாபிட்டு வீதம் வரும் மெலிந்த அலையில் அந்த ஒரு பக்கம் வந்துசேர மூன்றரை மணித்துளி ஆகும். அறுபத்து நான்கு பக்கச் சிற்றேடு ஒன்றுக்கு மூன்றே முக்கால் மணிநேரம்! மலைச்சரிவில் அலை விட்டுவிட்டு வரும் இடத்தில் எவர் காத்திருப்பர்? அதே பக்கத்தை 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் இரண்டு நொடிக்குள் வந்துவிடும். ஆகவே படத்தைச் சுருக்குதல் வேண்டுவதே. எதனைக் கழித்துச் சுருக்குவது என்பதே வினா.

படச்சுருக்கத்தின் அடிப்படைக் கணக்கு அயலாரின் தனிச்சொத்தன்று என்பதையும் இவ்விடத்துச் சொல்லியாகவேண்டும். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்னும் பேராசிரியர் அமெரிக்காவின் கான்சாசு மாநிலத்தில் பணியாற்றியபோது 1972இல் இவ்வாய்வுக்கு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பொருளுதவி வேண்டினார். மறுத்துவிட்டார்கள். மனந்தளராது, தம் மாணவர் நடராசனோடும் இராமமோகன் இராவோடும் சேர்ந்து முடித்து, 1974 சனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 'நடராசன்' என்னும் பெயரைக் கூத்தரசன் என்று மாற்றிச் சொல்ல விரும்புவோர் சொல்லிக்கொள்க. அப்பெயர் அவ்வுலகப் புகழ்க் கட்டுரையின் தலைப்பில் என்றும் நிற்கும். பாவாணர் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அமர்த்தப்பட்டதும் அதே 1974இல்தான். ஒருபக்கம் சொல்லின் வேரைத் தோண்டியெடுக்கும் பணி. மறுபக்கம் படத்தின் மிகையைக் கழிக்கும் கணக்கு. இரண்டும் ஒருநாள் ஒரே பக்கத்தில் சந்திக்கும் என அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

அக்கணக்கின்மேல் எழுந்ததே 1992இல் வகுக்கப்பட்ட சேபெக் என்னும் படவகை. அது படத்தை எட்டுக்கு எட்டு என அறுபத்து நான்கு படவணு கொண்ட சிறு கட்டங்களாக அறுக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் ஒளி எவ்வளவு, சடுதியில் மாறும் ஒளி எவ்வளவு எனப் பிரித்தெடுக்கும். மெல்லிய மாற்றத்தை மனிதக் கண் நன்றாகக் காணும்; நுண்ணிய, சடுதியான மாற்றத்தைக் கண் அவ்வளவாகக் காணாது. ஆகவே நுண்மையைக் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும். மலையும் முகிலும் மாந்தர் முகமும் இம்முறையில் பத்திலொரு பங்காகச் சுருங்கினும் வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. சிறுமலைச் சரிவின் பசுமையைப் படமெடுத்தவர் இதனால் இழப்பது சிறிது, பெறுவது பெரிது.

அதன்பின் வந்தவை இன்னும் கூரியவை. கூகுள் நிறுவனம் 2010இல் வெளியிட்ட வெப்பி வகை, சேபெக்கினும் 25 முதல் 34 விழுக்காடு சிறிதாக அமையும் என்பது அந்நிறுவனத்தாரின் சொந்த அளவீடு. 2019இல் வரையறுக்கப்பட்ட ஏவிப் வகை அதனினும் சுருக்கும். ஆனால் சுருக்குவதற்குக் கணினி நெடுநேரம் உழைக்கவேண்டும். சேபெக்-எக்சுஎல் என்பது ஏற்கெனவே உள்ள சேபெக் படத்தை ஓர் இழையும் இழக்காமல் ஐந்திலொரு பங்கு குறைத்து, வேண்டும்போது பழைய கோப்பையே மீட்டுத்தர வல்லது. அருமையான ஆக்கம், ஆயினும் எல்லாக் கருவியிலும் திறக்கும் என எண்ணி அதனை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது. ஒளிப்படங்களை இணையத்தில் ஏற்றுவோர்க்கு வெப்பியும் ஏவிப்பும் நல்ல துணை. அதற்குமுன் அளவைக் குறைத்தல் வேண்டும். கைப்பேசி எடுக்கும் படம் 4,000 படவணு அகலமும் 3,000 உயரமுமாக இருக்கும். பார்க்கும் திரைக்கோ 1,200 அகலம் போதும். அகல உயரங்களை அவ்வளவாகக் குறைத்தால் நூறில் ஒன்பது பங்கே எஞ்சும். இந்த எளிய வேலையைச் செய்யாமல் புதுவகை புதுவகை என்று அலைவது, குலையின் தண்டை நறுக்காமல் குதிரையை மாற்றுவது போன்றதே.

இதுவரை கூறியது மலைக்கும் முகத்திற்கும் பொருந்தும். எழுத்துக்குப் பொருந்தாது. இங்கேதான் தமிழர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

நுண்ணியதும் சடுதியில் மாறுவதுமே முதலில் கழிக்கப்படும் என்று கண்டோம். வெள்ளைத் தாளில் கரிய புள்ளியைவிட நுண்ணியதும் சடுதியானதும் யாது? பத்துப்புள்ளி அச்செழுத்தில், மேற்சொன்ன 300 அளவு வருடலில், மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ நான்கு படவணு அகலம். பக்கத்தைப் பாதியளவாக்கினால் இரண்டு. கால் பங்காக்கினால் ஒன்று. அதுவும் சாம்பல் நிறத்தில். அதன்மேல் சுருக்கத்தையும் ஏற்றினால் புள்ளி தாளின் பழுப்போடு கரைந்துபோகும். ஆங்கில எழுத்துக்கு இவ்விடர் மிகச் சிறிது. அவர்கள் 'ஐ' என்னும் எழுத்தின் மேலுள்ள புள்ளி போயினும் சொல் மாறாது. தமிழில் புள்ளி போயின் உயிரற்ற மெய் உயிர்மெய் ஆகின்றது. சுழி போயின் 'கோடு' 'கொடு' ஆகின்றது. மலைமுகடு ஈகையாக மாறிவிடுகின்றது!

வண்ணத்திலும் ஓர் உட்கேடு உண்டு. கண் ஒளியைக் காணுமளவு வண்ணத்தைக் கூர்ந்து காணாது என்பதனால், வெப்பி தன் இழப்புச் சுருக்கத்தில் நான்கு படவணுவுக்கு ஒரு வண்ணமே வைத்துக்கொள்ளும். கரிய தளத்தில் சிவப்பெழுத்து அமைப்பது இயக்கத்தார்க்கு உவப்பானது. அத்தகைய அட்டையை இவ்வாறு சுருக்கினால் எழுத்தின் ஓரம் சேறாகும். புள்ளியோ ஒரு செங்கறையாகும். வெப்பியிலேயே இழப்பிலாச் சுருக்கமும் உண்டு. 1996இல் வந்த பிங் வகையும் இழப்பிலாததே. எழுத்துள்ள அட்டைக்கு அவ்விரண்டில் ஒன்றையே கொள்ளுதல் தகும்.

கரைவது ஒருவகைக் கேடு. மாறிப்போவது அதனினும் கொடியது. 2013இல் செருமனியின் கணினி அறிஞர் தாவித் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தைச் செராக்சு பொறியில் படியெடுத்துப் பார்த்தார். மூன்று அறைகளின் பரப்பு தாளில் 14.13, 21.11, 17.42 என்றிருக்க, படியிலோ மூன்றும் 14.13 என்றே வந்தன. கறையில்லை, மங்கலில்லை, தெளிவான, அழகான, பொய்யான எண்கள். கரணியம் யாதெனின், சேபிக்-2 என்னும் சுருக்கமுறை. அது பக்கத்திலுள்ள உருக்களை ஒப்புநோக்கி, ஒத்தவை என்று தான் கருதும் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடத்திலும் அதனையே பதிக்கும். ஆறும் எட்டும் அதன் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டன. பத்தே வகை எண்ணுருவில் இக்கேடு என்றால், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரு சிறு கோடே வேறுபாடாகவும், 'கி'க்கும் 'கீ'க்கும் ஒரு சுழியே வேறுபாடாகவும் உள்ள தமிழில் என்னாகும்? மங்கிய பக்கத்தைக் கண்டு படிப்பவன் ஐயுறுவான். மாறிய பக்கத்தைக் கண்டு ஐயுறமாட்டான். நாளை ஒரு மாணவன் அதனையே சான்றாகக் காட்டி, பாவாணர் இவ்வாறு எழுதினார் என்று வாதிடுவான்.

சுமை குறைக்கப் பக்கத்தை வெறுங் கறுப்பு-வெள்ளையாக்குதல் பலர் கையாளும் வழி. புதிய வெண்டாளுக்கு அது நன்று. 26 மெகாபைட்டுப் பக்கம் சுருக்குமுன்னரே ஒரு மெகாபைட்டளவுக்கு இறங்கிவிடும். பழுப்பேறிய தாளுக்கு அது பகை. இவ்வளவுக்கு மேல் கறுப்பு, கீழ் வெள்ளை என்று பொறி வரையறுக்கும்போது மெலிந்த புள்ளி வெள்ளையாகி மறையும்; பூச்சி எச்சமும் துருக்கறையும் கறுப்பாகிப் புதுப்புள்ளியாக எழுத்தின் தலையில் ஏறும். தொல்காப்பியர் கூறாத மெய்யெழுத்துகள் தோன்றும்! ஆகலின் பழைய ஏடுகளைச் சாம்பல்நிறச் சாயலில் வைத்தலே தக்கது. வண்ணம் நீங்கியதனாலேயே மூன்றிலிரண்டு பங்கு குறைந்துவிடும்.

இத்துணை இடர் எதற்கு, எழுத்தை எழுத்தாகவே தட்டெழுதி ஏற்றிவிடலாமே எனின், அது முற்றிலும் மெய். 'திண்டுக்கல்' என்னும் சொல்லை ஒருங்குறியில் எழுதினால் 33 பைட்டு. அதே சொல்லை ஓர் அங்குல அகலப் படமாக வருடினால் 45,000 பைட்டு. ஒருங்குறியில் புள்ளிக்குத் தனி எண்ணே உண்டு. அது கரையாது, மங்காது. (மெய்யின்மேல் அகரமேறி உயிர்மெய்யாதல் தமிழ்நெறி, ஒருங்குறியோ அகரமேறிய எழுத்தை முதலாக வைத்துப் புள்ளியிட்டு மெய்யாக்குகின்றது. தலைகீழ் முறையே. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அனைத்தெழுத்துக் குறியீட்டு முறையையும் ஏற்று ஆணையிட்டது இதனோடு தொடர்புடையதே. அஃது வேறோர் அமயத்துக்குரிய பேச்சு.) 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழிலக்கியங்களைத் தன்னார்வலர் கையால் தட்டெழுதி வைத்தது. அவ்வகைக் கோப்பை மலைச்சரிவிலும் நொடியில் பெறலாம், சொல்லைத் தேடலாம், கண்ணொளி இல்லாதவர்க்குப் பொறி படித்துக் காட்டும். எழுத்துரு ஒவ்வாத அந்நாளில் தமிழைப் படமாக்கி ஏற்றியவர்க்கு வேறு வழியில்லை. ஒருங்குறி ஊன்றிவிட்ட பின்னும் ஓர் அறிக்கையை, ஓர் அழைப்பை, ஒரு பாவை வண்ணப்படமாக மட்டும் செய்து சுற்றுக்கு விடுதல் பழக்கக் கேடேயாம்.

ஆயினும் படத்துக்குரிய இடம் ஒன்று உண்டு; அதனை எவ்வெழுத்துக் குறியீடும் நிரப்பாது. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச்சீர்மையை நடைமுறைப்படுத்தியதற்கு முன் அச்சான நூல்களில் சிறுமலையின் 'லை' இன்றுள்ள வடிவில் இராது. தனியிணைக் கொம்பு பெறாமல், முன்னே யானைத்துதிக்கை போன்ற வளைவு பெற்று நிற்கும். ணா, றா, னா என்பனவும் வேறாக இருந்தன. ஒருங்குறியில் தட்டெழுதினால் எல்லாம் புது வடிவாகிவிடும். சொல் கிடைக்கும், சொல் நின்ற கோலம் கிடைக்காது. தட்டெழுதியவர் பிழைத்திருப்பின் ஒத்துப்பார்க்கப் பக்கம் வேண்டும். ஆகவே இரண்டும் வேண்டும்: படிக்கவும் தேடவும் எழுத்து, சான்றுக்குப் படம்.

அந்தச் சான்றுப்படத்தில் சுருக்கம் பாயலாகாது. வருடியவாறே, இழப்பிலா வகையில், தாய்ப்படி என ஒன்று வீட்டிலிருக்கட்டும். வழியனுப்பும் படி அதிலிருந்து பிறந்த இலேசான சேய்ப்படியாக இருக்கட்டும். சேய்ப்படியைத் திருத்தி, மீண்டும் சுருக்கி, அதனையும் சுருக்கி அனுப்புவது தலைமுறைதோறும் குருதி மெலிவது போன்றது. ஒவ்வொரு சுருக்கமும் முன்னதன் இழப்பின்மேல் புதிய இழப்பைச் சேர்க்கும். புலனத்தின் வழியே படமாக அனுப்பினால் அது தன் விருப்பம்போல் சுருக்கிவிடும். அதே கோப்பை ஆவணமாக இணைத்தால் உள்ளது உள்ளவாறே போகும். இச்சிறு வேறுபாட்டை அறியாமையால் கரைந்த பக்கங்கள் பல.

தாய்ப்படி ஓரிடத்தில் மட்டும் இருப்பதும் போதாது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் எரியூட்டப்பட்ட நெருப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அவற்றுள் இருந்தன. அவை மீளவில்லை. 2005இல் ஈழத்தார் தொடங்கிய நூலகம் என்னும் இணைய முயற்சி பல்லாயிரம் வெளியீடுகளைப் படமாக்கி உலகறிய வைத்திருப்பதன் அருமை அந்நெருப்பை அறிந்தவர்க்கே விளங்கும். வட்டு விலை மலிந்த இக்காலத்தில், 64 பக்கச் சிற்றேட்டின் சுருக்காத தாய்ப்படிக்கே ஏறத்தாழ 1.7 கிகாபைட்டுதான் வேண்டும். சாம்பல்நிறமாயின் அதில் மூன்றிலொரு பங்கு. இரண்டு வட்டில் எடுத்து இரண்டு ஊரில் வைப்பது ஒரு குடும்பத்தின் ஒருநாள் உழைப்பு.

சேய்ப்படி ஆயத்தமானதும், அனுப்புமுன் ஓர் ஆய்வு. தாளில் 'திண்டுக்கல்' போன்று புள்ளி மிகுந்த சொல் ஒன்றை, பக்கத்தின் அடியில், எழுத்து மிகச்சிறியதாக உள்ள அடிக்குறிப்பில் தேர்ந்துகொள்க. சுருக்கிய படத்தைக் கைப்பேசித் திரையில் விரித்து அச்சொல்லைக் காண்க. தாளையும் அருகில் வைத்துக்கொள்க. ஏனெனில் தெரிந்த சொல்லில் இல்லாத புள்ளியையும் கண் தானே இட்டுக்கொள்ளும். மூன்று புள்ளியும் தனித்தனியே தெரிந்தால் அனுப்புக. ஒன்று மங்கியிருப்பினும் தாய்ப்படிக்குத் திரும்பி, தரத்தை ஒருபடி ஏற்றி, மீண்டும் சுருக்குக.